விசாரம்

இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் தொலைபேசி மணி அடித்தால், எழுந்து போய் அதை எடுத்துக் காதில் வைப்பதற்குள், உறவுமுறையிலுள்ள முதியவர்கள் அத்தனை பேரையும் ஒருமுறை மனத்துக்குள்ளேயே அடக்கம் செய்து முடித்துவிடுகிற சுபாவம் எனக்கு உண்டு. வாசற்பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை நடந்தவன், அங்கே நின்று யோசித்து, திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்துவிட்டு, அதை அண்டை வீட்டார் யாரும் கண்டார்களோ என்று அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டுக்கொண்டு போவது, இந்தப் பாளையங்கோட்டையில் நான் ஒருவனாகத்தான் இருக்கும். மகன் சென்னையிலிருந்து இரவுப் பேருந்தில் ஏறினான் என்றால், விழுப்புரம், திருச்சி, மதுரை என்று ஒவ்வோர் ஊராக நானும் கூடவே விழித்திருந்து பிரயாணம் செய்வேன். விடியற்காலையில் அவன் தூங்கி எழுந்த தெளிந்த முகத்தோடு வந்து இறங்குவான், பிரயாணக் களைப்பு முழுவதும் என் முகத்தில் இருக்கும்.

ஐந்து தலைமுறையாக ஊரார் ‘வேதக்காரர்’ என்று அழைக்கும் குடும்பத்தில் பிறந்து, நினைவு தெரிந்த நாள்முதல் மாலை விளக்கு ஏற்றியதும் குடும்ப ஜெபத்துக்குச் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஓய்வுநாள் பாடசாலையில் சங்கீதங்களை மனப்பாடம் செய்து பித்தளைக் கிண்ணம் பரிசு வாங்கிய ஒருவன் இப்படிப் பயந்து நடுங்குவதென்பது, வெளியே சொல்லிக்கொள்ளத் தக்க காரியமல்லவென்று வெகுகாலம் நினைத்திருந்தேன். முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றபின், வயது அறுபத்தெட்டைத் தாண்டிய இப்போது, வெட்கத்துக்கும் சற்று ஓய்வு கொடுக்கலாமென்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

பிரசங்க மேடைகளில் ஒரு கணக்கு நெடுநாளாகப் புழங்கி வருகிறது. வேதாகமத்தில் ‘பயப்படாதே’ என்னும் வார்த்தை சரியாக 365 தடவை வருகிறதென்றும், ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக ஆண்டவர் அதை அளந்து வைத்திருக்கிறாரென்றும் சொல்வார்கள். கேட்க இனிமையாய் இருக்கிறதே என்று, ஓய்வு பெற்ற புதிதில், பொழுது போகாத ஒரு மழைக்காலத்தில், ஒத்தவாக்கிய அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு நானே எண்ணிப் பார்த்தேன். ‘பயப்படாதிருங்கள்’, ‘கலங்காதே’, ‘திகையாதே’ என்று ஒன்றுவிட்ட பெரியப்பா சித்தப்பா முறைச் சொற்களையெல்லாம் சேர்த்துக்கொண்டும், கணக்கு 365-க்கு வெகு தூரத்திலேயே நின்றுவிட்டது. லீப் வருஷத்துக்கு என்ன ஏற்பாடு என்று அந்தப் பிரசங்கிமாரில் ஒருவரும் யோசித்ததாகவும் தெரியவில்லை. ஆனால் எண்ணிக்கொண்டு போகையில் வேறொன்று கண்ணில் பட்டது. வனாந்தரத்தில் பிள்ளையைச் செடியின்கீழ் விட்டுவிட்டு அழுத ஆகார், எதிரிக்கு ஒளிந்து கோதுமையைப் போரடித்த கிதியோன், நாசரேத்தூர்க் கன்னிகை, இராக்காலத்தில் வயல்வெளியில் மந்தையைக் காத்துக்கிடந்த மேய்ப்பர்கள் என்று, அந்த வார்த்தையைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்தக் கணத்தில் நடுங்கிக்கொண்டிருந்தவர்களாகவே இருந்தார்கள். பயமில்லாதவனைப் பார்த்துப் பயப்படாதே என்று சொல்ல யாருக்கு என்ன அவசியம்?

இந்தச் சிறிய நியாயம் எனக்கு விளங்குவதற்கு அறுபது வயது ஆயிற்று. அதற்கு முன்னே, பயம் அவிசுவாசத்தின் பிள்ளையென்றும், பயப்படுகிறவன் ஆண்டவரைப் பொய்யராக்குகிறானென்றும் ஒரு கன்வென்ஷன் பந்தலில் ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து முழங்கக் கேட்டு, போகும்போது ஒரு பயத்தோடு போனவன், வரும்போது ‘பயப்படுகிறேனே’ என்ற இரண்டாவது பயத்தையும் சம்பாதித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அந்தப் போதகரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கெத்செமனே தோட்டத்தில் வியாகுலப்பட்டு, சிநேகிதர் மூவரைக் கூடவே விழித்திருக்கச் சொல்லிக் கெஞ்சி, வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளைப்போல் தரையில் விழ ஜெபித்தவரை, அவருடைய அளவுகோல் எந்தப் பக்கத்தில் வைக்குமென்று கேட்க அப்போது எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

இந்த விஷயத்தில் என் பிரியமான பாத்திரம் எலியா தீர்க்கதரிசி. கர்மேல் மலையின்மேல் வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய அதே மனிதர், ஒரு ராணி ஆள்விட்டு மிரட்டியவுடனே பெயெர்செபா மட்டும் ஓடி, அங்கே வேலைக்காரனையும் விட்டுவிட்டு, தனியே ஒருநாள் பிரயாண தூரம் வனாந்தரத்துக்குள் போய், ஒரு சூரைச்செடியின்கீழ் விழுந்து, சாவு வந்தால் போதுமென்கிறார். நேற்று ஜெயித்தவனுக்கு இன்று பயம் வராதென்பது எத்தனை பொய்! இதில் நான் திரும்பத் திரும்ப நின்று பார்க்கிற இடம் அடுத்தது. பரலோகத்திலிருந்து அவருக்கு உபதேசம் ஒன்றும் அனுப்பப்படவில்லை. விசுவாசம் எங்கே போயிற்று என்ற கண்டனமும் இல்லை. ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட ஓர் அடையையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடச் சொல்கிறான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துத் தூங்குகிறார். தூதன் கொஞ்சமும் கோபியாமல் இரண்டாந்தரமும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். (தமிழில் மொழிபெயர்த்தவர்கள் ‘அடை’ என்ற சொல்லைப் போட்டதனால், அவியல் எங்கே என்று என் மனம் தேடுவதை நான் தடுக்க முடிவதில்லை.) பேச்சுவார்த்தையெல்லாம் அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பின்புதான். அங்கேயும் முதலில் வருகிறது ஒரு கேள்வியே: இங்கே என்ன செய்கிறாய் என்று ஆண்டவர் அவரை விசாரிக்கிறார்.

விசாரிக்கிறார் என்ற இந்த வார்த்தையை இங்கே கொஞ்சம் முடிந்து வைத்துக்கொள்கிறேன். என் ஆச்சி கவலை என்ற சொல்லை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. முகம் வாடி உட்கார்ந்திருந்தால், “என்னல, என்ன விசாரம்?” என்றுதான் கேட்பாள். சிறுவயதில் அதைக் கவலைக்கு மறுபெயரென்று மாத்திரம் எடுத்துக்கொண்டேன். பிற்பாடு தமிழ் படித்து, சொற்களின் பூர்வோத்தரம் பார்க்கிற வியாதி பிடித்தபோது, கவலை என்ற சொல்லே எத்தனை அர்த்தபுஷ்டியானது என்று தெரிய வந்தது. சங்க நூல்களில் அது கிளைபிரியும் வழியையும் குறிக்கிறது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வழிப்போக்கன் திகைத்து நிற்கும் இடம் எதுவோ அதுவே கவலை. நம் பக்கத்துக் கிணறுகளில் எருது கட்டி இறைத்த கமலைக்கும் கவலை என்றொரு பெயர் உண்டு. கமலை இறைத்ததை நான் பார்த்திருக்கிறேன். வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும் மாடுகள், பின்னுக்கே நடந்து சரிவேறி, பழைய இடத்துக்கே வந்து நின்று, மறுபடியும் இறங்கும். காலை முதல் உச்சிப் பொழுது வரை நடந்தாலும், அவை கிணற்றடியை விட்டு எங்கேயும் போயிருக்க மாட்டா. நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்ட மனத்தின் நடை அச்சாக அதுதான். ஒரே வித்தியாசம், மாடுகளின் நடைக்குச் சால் நிறையத் தண்ணீர் மேலே வந்தது. என் நடைக்கு அதுவும் வருவதில்லை.

அடிமுட்டும் வரை இந்த நடையை நான் நடந்தது 2023-ஆம் ஆண்டு டிசம்பரில்.

என் அக்காள் ஏரலுக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அத்தான் 2021-ஆம் வருஷம் மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலையில் காலமாகிவிட்டார். அவருக்காக நாங்கள் ஜெபித்த ஜெபம் கொஞ்சமல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். எழுபத்து நான்கு வயதில், பிரஷர் மாத்திரைப் பெட்டியும் இரண்டு கோழிகளுமாக அந்த வீட்டில் தனியே இருக்க அவள் பிடிவாதம் பிடித்தாள். டிசம்பர் 17-ஆம் தேதி, ஆகமன காலத்தின் மூன்றாவது ஞாயிறு. விடிந்தது முதல் விடாத மழை. ஆராதனைக்கு ஆள் குறைவு. பிள்ளைகள் கட்டியிருந்த காகித நட்சத்திரங்கள் வாசலில் கரைந்து தொங்கின. அன்று சாயந்தரம் அக்காள் பேசினாள். “ஆத்துச் சத்தம் வீட்டுக்குள்ள கேக்கு தம்பி. வேற ஒண்ணும் இல்ல. நீ விசாரப்படாத.” அவ்வளவில் தொடர்பு அறுந்தது. அதற்குப்பின் எத்தனை தரம் போட்டாலும் மணியே போகவில்லை.

மறுநாள் காலையில்தான் நடந்தது இன்னதென்று தெரிந்தது. காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. சென்னைக்கு ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழையில் பெரும்பகுதி அந்தச் சின்னஞ்சிறு கடற்கரை ஊரின்மேல் ஒரே நாளில் இறங்கிவிட்டது. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்திலே சுமார் 800 பிரயாணிகளோடு நின்றுவிட, அக்கம்பக்கத்துக் கிராமத்தார் தங்கள் வீட்டு அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து அவர்களுக்குப் பொங்கிப் போட்டார்கள் என்ற செய்தியெல்லாம் பின்னால் தெரிந்தது. நெல்லைச் சந்திப்புப் பக்கமும் வெள்ளக்காடு. மேட்டிலிருக்கிற எங்கள் பாளையங்கோட்டை மாத்திரம், கரண்டு இல்லாமலும் தண்ணீர் இல்லாமலும், தப்பிப் பிழைத்த குற்றவாளியைப் போல் நின்றுகொண்டிருந்தது. ஏரல் என்ற பெயர் வரும்போதெல்லாம், துண்டிக்கப்பட்டது என்ற வார்த்தையும் கூடவே வந்தது.

திங்கள் முழுவதும் ஜெபித்தேன். அதை ஜெபமென்று சொல்லலாமோ என்னவோ. அக்காளின் வீட்டுத் திண்ணை எத்தனை படி உயரம், ஆற்றுக்கும் வீட்டுக்கும் எத்தனை அடி தூரம், அவள் முழங்கால் வலியோடு எத்தனை நேரம் நிற்பாள் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் ‘ஆண்டவரே’ என்று ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். செவ்வாய்க்கிழமை காலையிலும் அதே நிலையில், முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தவனை என் மனைவி கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அதிகம் பேசுகிறவளல்ல. பேசினால் பதில் சொல்ல இடம் வைக்கிறவளுமல்ல.

“அக்காவுக்கு இங்கெருந்து செய்ய முடிஞ்சது ஜெபம் ஒண்ணுதான், அதச் செஞ்சாச்சு. மாடி வீட்டு அம்மா ரெண்டு நாளா கீழ எறங்கல. காப்பித் தண்ணி குடிச்சாங்களான்னு போய் விசாரிச்சியளா?”

மாடியில் குடியிருந்தவர் எண்பதை எட்டிய ஒரு விதவை அம்மாள்; பிரதோஷம் தவறாதவர். ஒரே மகன் பெங்களூரில். மோட்டார் ஓடாததனால் குழாயில் தண்ணீர் இல்லாமல், நம்மைத் தொந்தரவு செய்யலாகாதென்ற கூச்சத்தில், பூஜைக்கு வைத்திருந்த ஒரு செம்புத் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடித்துக்கொண்டு, இருட்டில் கட்டிலின்மேல் உட்கார்ந்திருந்தார். கைப்பேசி சார்ஜ் இறங்கி அணைந்துபோயிருந்தது. என் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், குடையும் கையுமாக ஒவ்வொரு மூலையாக நின்று பார்த்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோடு சிக்னல் அகப்பட, அவர் காகிதத்தில் எழுதிக் கொடுத்த எண்ணைப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். நான் இன்னார், உங்கள் அம்மாள் சௌக்கியம், இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், ஐம்பது வயது நிரம்பிய அந்த மனிதன் கேவிக் கேவி அழ ஆரம்பித்தான். இரண்டு நாளாக அவனும் ஒரு முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்திருக்கிறான்! எனக்கு யாரேனும் ஒருவர் எதைச் சொல்லமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருந்தேனோ, அந்த வார்த்தையை, ஏரலுக்கும் எனக்கும் இடையில் நின்ற அதே மழையில் நனைந்துகொண்டு, முகம் தெரியாத ஒருவனுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கீழே இறங்கி வந்தபோது பயம் போய்விட்டிருந்ததா என்றால், இல்லை. ஆனால் அது இருந்த இடம் மாறியிருந்தது. அதுவரை தலைமேல் உட்கார்ந்திருந்தது, இப்போது பக்கத்தில் கூட நடந்து வந்தது. ஒரு குடம் தண்ணீரை மாடிக்குச் சுமந்து வைத்துவிட்டு, சபை மண்டபத்தில் பொட்டலச் சாப்பாடு தயாராகிறதென்று கேள்விப்பட்டு அங்கே போய், அசனப் பண்டிகைக்கு எடுக்கிற அந்தப் பெரிய அண்டாக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருட்டும் வரை வெங்காயம் உரித்தேன். கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லாத வேலை அது.

புதன்கிழமை மாலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அக்காள். ஞாயிறு நள்ளிரவில் வீட்டுக்குள் தண்ணீர் ஏற, இரண்டு வீடு தள்ளியிருந்த பாய் வீட்டார் வந்து அவளைத் தூக்காத குறையாகக் கூட்டிப்போய், தங்கள் மாடியறையில் பதினோரு பேரோடு பன்னிரண்டாவது ஆளாக வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். கோழிகள் போய்விட்டன. கிறிஸ்துமஸ் முறுக்குக்கு இடித்து வைத்திருந்த மாவு போயிற்று. கோழிகளைவிட அதற்குத்தான் அவள் அதிகம் புலம்பினாள். பயமாக இருந்ததா என்று கேட்டேன். “பயந்துதான் போனேன். ஒரு சங்கீதம்கூட ஞாபகத்துக்கு வரலய்யா. பாய் வீட்டு மருமவப் பிள்ள விடிய விடிய என் கையப் பிடிச்சுட்டே இருந்தா. அவ ஓதுனா, நான் ஆமென்னு சொன்னேன்” என்றாள். தன் வாழ்நாளில் எண்ணற்ற ஸ்திரீகள் ஐக்கியக் கூட்டங்களை நடத்தியவள் சொன்னது இது.

நான் மாடியேறிப் போனதற்குப் பிரதிபலனாக ஆண்டவர் என் அக்காளைக் காப்பாற்றினார் என்று இதை ஒரு சாட்சியாகக் கட்டிக் கூட்டத்தில் சொல்ல நான் சம்மதிக்கமாட்டேன். அதே தண்ணீர் கொண்டுபோன ஜனங்களுக்கும் அண்ணன் தம்பிமார் உண்டு. அவர்களும் என்னைப்போலவே, ஒருவேளை என்னைவிட மேலாகவே ஜெபித்திருப்பார்கள். அத்தானுக்காகச் செய்த ஜெபத்தை நான் மறந்துவிடவும் இல்லை. எது ஏன் என்ற கணக்கு என் கைக்கு அகப்படுவதில்லை. எனக்கு அகப்பட்டது மனைவியின் வாயிலிருந்து விழுந்த அந்த ஒரு வினைச்சொல் மாத்திரம்.

விசாரம் என்பது வடமொழியில் ஆராய்ச்சி. திருவண்ணாமலைப் பக்கத்தில் ஆத்ம விசாரம் என்று சொல்லும்போது அந்த அர்த்தந்தான். தமிழ் பேசுகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு இரண்டாக வகிர்ந்துவிட்டார்கள். விசாரப்படுவது ஒன்று, விசாரிப்பது ஒன்று. முன்னது ஒருவன் தன் தலைக்குள்ளேயே செய்கிற வேலை. பின்னதற்கு எழுந்து இன்னொருவர் வாசலுக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரைப் போய் விசாரித்தாயா என்றுதானே நம் வீடுகளில் கேட்கிறோம்? பேதுருவின் முதல் நிருபத்தில், நம்முடைய கவலைகளை ஆண்டவர்மேல் போட்டுவிடச் சொல்லுகிற புகழ்பெற்ற வசனத்தைத் தமிழாக்கியவர்கள், அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தில் இந்த ‘விசாரிக்கிற’ என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். நான் விசாரப்படுகிறேன், அவர் விசாரிக்கிறார். ஒரே வேரில் முளைத்த இரண்டு சொற்கள், ஒன்று என்னிடத்தில் காய்ந்து நிற்கிறது, மற்றது அவரிடத்தில் காய்த்து நிற்கிறது. ஆச்சி கேட்ட ‘என்ன விசாரம்?’ என்பதிலும் இரண்டும் இருந்ததல்லவா? என் விசாரத்தை அவள் விசாரித்தாள்.

இதை எங்கள் சபையில் முன்பு போதகராக இருந்த ஓர் ஐயரிடம் ஒருநாள் சொன்னேன். அவர் கிரேக்கம் படித்தவர். சிரித்துக்கொண்டே பிலிப்பியர் நிருபத்தை எடுத்துக் காட்டினார். ஒன்றுக்கும் கவலைப்படவேண்டாமென்று நான்காம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறபோது எந்தக் கிரேக்க வினைச்சொல்லை உபயோகிக்கிறாரோ, அதே வினைச்சொல்லைத்தான் இரண்டாம் அதிகாரத்தில், உங்கள் காரியங்களில் உண்மையாக அக்கறைகொள்ள இவனைப்போல் வேறொருவனில்லை என்ற பொருளில் தீமோத்தேயுவைப் புகழுவதற்கும் உபயோகித்திருக்கிறாராம். ஒரே சொல் ஓரிடத்தில் விலக்கப்படுகிறது. இரண்டு பக்கத்துக்கு முன்னே அதுவே மெச்சப்படுகிறது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலோ, எல்லாச் சபைகளையும் குறித்த கவலை தம்மை நாள்தோறும் நெருக்குகிறதென்று அந்த அப்போஸ்தலரே ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் கவலை என்ற எருதை அடித்துக் கொல்லச் சொல்லவில்லை, வேறொரு வடத்தில் பூட்டச் சொல்லுகிறார் என்றேன். ஐயர், ‘வாத்தியாருக்கு உவமை இல்லாமல் முடியாது’ என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தார்.

அந்த டிசம்பருக்குப்பின் எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. மளிகைக்கடைக்காரர் கொடுக்கிற தினசரிக் காலண்டரில், இன்னின்ன தேதியில் இன்னது நடந்துவிடுமோ என்று பயப்படுகிறேனோ, அந்தத் தேதித் தாளில் பென்சிலால் அதைச் சிறிதாகக் குறித்து வைத்துவிடுகிறேன். அந்தத் தாள் மேலே வருகிற நாள்வரை அதைத் தொடுவதில்லையென்று ஆண்டவரோடு ஓர் உடன்படிக்கை. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மன்னாவை அன்றன்றைக்கு ஆளுக்கு ஓர் ஓமர் அளவு பொறுக்கவேண்டுமென்றும், மறுநாளுக்கென்று பதுக்கி வைத்தவர்களுடையது புழுத்து நாறிற்றென்றும் யாத்திராகமத்தில் படிக்கிறோம். நாளைய பயத்தை இன்றைக்கே பொறுக்கி வைத்தாலும் அதே கதிதான் என்பது என் அனுபவம். தேதி வந்ததும் தாளைக் கிழிக்கும்போது குறிப்பைப் பார்ப்பேன். பல தாள்களில் எழுதியிருந்தது நடக்கவில்லை. சிலவற்றில் நடந்தது, ஒரு சிநேகிதனின் மரணம் அவற்றில் ஒன்று. நடந்தவை எல்லாம் நான் பயந்த மாதிரி நடக்கவில்லை என்பதும், என் கற்பனைக்கு எட்டாத ஆட்கள் யாரோ அந்த நாட்களில் வந்து பக்கத்தில் நின்றார்கள் என்பதும் உண்மை. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறபோது, மனத்துக்குப் பிடித்தது வரும்வரை இரண்டு மூன்று எடுத்துப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும், நானும் எடுத்திருக்கிறேன். காலண்டர் தாளில் அந்தச் சலுகை கிடையாது.

ஒன்று மாத்திரம் இடையிலே சொல்லவேண்டும். நெஞ்சு படபடத்து, வாரக்கணக்கில் தூக்கமற்று, உணவு செல்லாமல், எழுந்திருக்கவே பிரயாசப்படுகிறவர்களிடம் போய்க் காலண்டரும் பென்சிலும் கொடுப்பது மூடத்தனம். அது வியாதி, வைத்தியரிடம் போகவேண்டும். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைந்ததென்று பேசுகிறவர்கள், லூக்கா வைத்தியர் என்பதையும், தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் ஜெபத்தோடு நில்லாமல் மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசமும் சொன்னார் என்பதையும் மறந்துபோகிறார்கள். மனநல ஆலோசனைக்கு அரசாங்கமே 14416 என்ற எண்ணை வைத்திருக்கிறது. தூதன் அடையைத்தான் கொண்டுவரவேண்டும் என்பதில்லை, தொலைபேசியிலும் பேசலாம்.

சென்ற மாதம் மனைவியும் நானும் டோனாவூர் போயிருந்தோம். 1931-இல் ஒரு குழியில் தவறி விழுந்தது முதல், 1951 ஜனவரியில் கண்மூடும் வரை, ஏறக்குறைய இருபது வருஷத்தை, ஆதரவற்ற பிள்ளைகளை அங்கே வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் பெரும்பாலும் ஓர் அறையிலேயே கழித்த இடம் அது. குணமாக்கும்படி எத்தனை பிள்ளைகள் ஜெபித்திருப்பார்கள்! அவர் குணமாகவில்லை, படுக்கையிலிருந்தே எழுதினார், பிள்ளைகளை அழைத்து விசாரித்தார். தமக்குக் கல்லறைக்கல் வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டதனால், அவரை அடக்கம் செய்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி இருக்கிறது. விதைப்பதுமில்லை அறுப்பதுமில்லை என்று மலைப்பிரசங்கத்தில் பேர்பெற்ற அந்த ஜாதிக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை வேறென்ன என்று நினைத்தபடி வெகுநேரம் நின்றேன். மனைவி, நான் வீட்டுப் பூட்டை நினைக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு, “பூட்டியாச்சு, நானே இழுத்துப் பாத்தேன்” என்றாள். உண்மையில் அப்போது நான் அதை நினைக்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான் நினைத்தேன்.

அக்காள் இப்போதும் அதே கிராமத்தில்தான் இருக்கிறாள். சுவரில் நெஞ்சளவுக்கு வெள்ளம் ஏறிய கோடு வெள்ளையடித்தும் மங்கலாகத் தெரிகிறது. புதிதாக மூன்று கோழிகள். வெள்ளத்துக்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. தினம் இரவு ஒன்பது மணிக்கு அவள் பேசவேண்டும், விசேஷம் ஒன்றும் இல்லாவிட்டாலும் பேசவேண்டும். பாய் வீட்டு மருமகள் இரண்டாம் பிரசவத்துக்குத் தாய்வீடு போனது, ஆற்றில் தண்ணீர் வற்றியது, முழங்கால் தைலம் தீர்ந்தது எல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியும். மாடியம்மாளை விசாரித்ததாகச் சொல்லச் சொல்வாள். நானும் எழுந்து படியேறிப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

நேற்று ஒன்பது மணி ஆயிற்று, மணி அடிக்கவில்லை. ஒன்பது பத்து ஆயிற்று. ஒன்பது இருபதுக்கு நான் எழுந்துபோய், எதற்கென்று தெரியாமலே வாசற்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

“சீரியல் முடிஞ்சிருக்காது. வந்து உக்காருங்க.”